ஆற்காட்டு அரண்மனையிடம் பாடம் கேட்ட ஆங்கிலேயர்

ஆம்பூர் என்றதும் தோல் பதனிடும் தொழிலும் பிரியாணியும்தான் பலருக்கு ஞாபகத்திற்கு வரும். செனட் ஹவுஸ் என்பது சென்னைக் கடற்கரையில் நிற்கும் சர்வகலாசாலை மண்டபம். இவ்விரண்டையும் இணைத்துப் பேசினால், மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதாகவே தோன்றும். ஆனால் சரித்திரம் சில சமயம் அப்படிப்பட்ட முடிச்சுகளையும் போட்டுவிடுகிறது. 1749-ஆம் ஆண்டில் ஆம்பூருக்கு அருகே நடந்த ஒரு யுத்தம் வேறு விதமாக முடிந்திருந்தால், செனட் ஹவுஸ் இன்று காணும் உருவத்தில் எழுந்திருக்குமா என்பது சந்தேகமே.

அந்த மண்டபத்தைக் கட்டியவர் ராபர்ட் பெல்லோஸ் சிஷோம் என்ற ஆங்கிலேயர். சென்னையின் அழகிய பழைய கட்டடங்கள் எவை என்று கேட்டால், சொல்லப்படும் பெயர்களில் பல அவர் கைவண்ணமாகவே இருக்கும். அவர் வாழ்க்கையில் கவனிக்கத்தக்க விஷயம் அவர் எத்தனை கட்டடங்கள் கட்டினார் என்பதல்ல. கற்றுக் கொடுக்க வந்த இடத்தில் கற்றுக்கொள்ளத் துணிந்தார் என்பதே.

பரிசு வென்ற இளைஞர்

சிஷோம் 1840-இல் லண்டனில் பிறந்தார். இளம் வயதிலேயே இந்தியாவுக்கு வந்து, வங்காளத்தில் மராமத்து இலாகாவில் உத்தியோகம் பார்த்தார்.

அந்தச் சமயத்தில் சென்னையில் ஒரு பெரிய தேவை ஏற்பட்டிருந்தது. 1857-ஆம் ஆண்டில் சென்னை சர்வகலாசாலை தோன்றிவிட்டது. அதே ஆண்டில் கல்கத்தாவிலும் பம்பாயிலும் இதேபோலச் சர்வகலாசாலைகள் ஏற்பட்டன. பரீட்சைகள் நடந்தன, பட்டங்களும் வழங்கப்பட்டன. ஆனால் சென்னை சர்வகலாசாலைக்கென்று சொந்தமாக ஒரு மண்டபம் கிடையாது. பிரஸிடென்ஸி கல்லூரிக்கும் தகுந்த கட்டடம் வேண்டியிருந்தது. ஆகவே 1864-இல் சென்னை சர்க்கார் இவ்விரண்டுக்கும் வரைபடங்கள் கோரிப் போட்டி ஒன்றை அறிவித்தது.

போட்டியில் வென்றவர் 24 வயதுகூட நிறைந்தும் நிறையாத சிஷோம். மறு வருஷமே அவர் சென்னைக்கு வந்து சேர்ந்தார். பிரஸிடென்ஸி கல்லூரியின் வேலை 1867-இல் ஆரம்பமாயிற்று. 1870-இல் விக்டோரியா மகாராணியின் குமாரரான எடின்பரோ கோமகன் அதைத் திறந்து வைத்தார்.

அந்தக் கல்லூரியை இன்றும் கடற்கரைச் சாலையில் காணலாம். இத்தாலிய பாணியில் அமைந்த கம்பீரமான கட்டடம் அது. ஆனால் அதைக் கடல் கடந்து எடுத்துச் சென்று ஓர் ஐரோப்பிய நகரத்தில் வைத்தாலும், அது அங்கே அந்நியமாகத் தெரியாது. சென்னை மண்ணில் பிறந்தது என்று சொல்வதற்கான அடையாளம் அதில் குறைவு. சிஷோம் அதே பாதையில் போயிருந்தால், செனட் ஹவுஸும் ஓர் இத்தாலிய மாளிகையாகவே முடிந்திருக்கும். அப்படி முடியாமல் தடுத்தது, பக்கத்தில் நின்ற ஓர் அரண்மனை.

ஆம்பூரிலிருந்து சேப்பாக்கத்துக்கு

அந்த அரண்மனையின் கதை பாலாற்றங்கரையில் தொடங்குகிறது. 18-ஆம் நூற்றாண்டில் கர்நாடக நவாபுகளின் தலைநகரம் ஆற்காடு. நவாப் அன்வருத்தீன் கான், எதிரிகளான சந்தா சாகிப், முசாபர் ஜங் ஆகியோரின் சேனையையும் அவர்களுக்குத் துணைவந்த பிரெஞ்சுப் படையையும் 1749-இல் ஆம்பூருக்கு அருகே எதிர்த்தார். அந்தப் போரில் நவாப் மாண்டார். அவருடைய மகன் முகம்மது அலி தப்பித் திருச்சிக்குப் போய்ச் சேர்ந்தார்.

முகம்மது அலிக்கு ஆங்கிலேயர் துணை நின்றனர். 1751-இல் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்து முற்றுகையைத் தாங்கிய சம்பவம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்ததே. கடைசியில் முகம்மது அலிக்கு நவாப் பட்டம் நிலைத்தது. ஆனால் ஆங்கிலேயரின் தயவும், அவர்களிடம் பட்ட கடனும் கூடவே நிலைத்துவிட்டன. ஆற்காட்டில் இருப்பதைவிட ஆங்கிலேயரின் பீரங்கி நிழலில் இருப்பதே மேல் என்று அவர் நினைத்தார். செயிண்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் ஓர் அரண்மனை வேண்டுமென்று விரும்பினார். அது கைகூடாமற் போகவே, கோட்டைக்குச் சற்றுத் தெற்கே சேப்பாக்கத்தில் 1768-இல் மாளிகை எழுப்பினார். கலஸ் மகால், ஹுமாயூன் மகால் என்ற இரண்டு பகுதிகள் கொண்டது அது. பால் பென்பீல்டு என்ற ஆங்கிலேயர் அதைக் கட்டியதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது.

வாலாஜா என்பது முகம்மது அலியின் பட்டப் பெயர். சென்னையில் வாலாஜா சாலையும், ராணிப்பேட்டைக்கு அருகே வாலாஜாபேட்டையும் இன்றுவரை அவர் பெயரைச் சுமந்து நிற்கின்றன.

1855-இல் கடைசி நவாபான குலாம் கௌஸ் கான் வாரிசின்றி இறந்தார். ஆங்கிலேயர் நவாப் பட்டத்தையே ஒழித்துவிட்டனர். அரண்மனை ஏலத்துக்கு வந்தது. சர்க்காரே அதை வாங்கிக்கொண்டது. ஒரு காலத்தில் தர்பார் நடந்த கூடங்களில் குமாஸ்தாக்கள் கணக்கு எழுத ஆரம்பித்தனர். சிஷோம் சென்னைக்கு வந்தபோது அரண்மனை இருந்த நிலை இதுதான்.

மனம் மாறிய துரை

1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்தவர் நேப்பியர் பிரபு. கட்டடக் கலையில் ஈடுபாடு மிக்கவர். இந்தியாவின் வெயிலுக்கும் வெளிச்சத்துக்கும் இந்திய முறைக் கட்டடங்களே ஏற்றவை என்பதும், குவிமாடங்களும் வளைவுகளும் கொண்ட முஸ்லிம் கட்டட முறையைச் சர்க்கார் ஆதரிக்க வேண்டும் என்பதும் அவருடைய அபிப்பிராயம். 1870-இல் ஒரு சொற்பொழிவில் இதைப் பகிரங்கமாகவே எடுத்துரைத்தார்.

அவர் காலத்தில்தான் மதுரைத் திருமலை நாயக்கர் மகாலைப் பழுது பார்க்கும் பொறுப்பு சிஷோமிடம் வந்தது. பருத்த தூண்களுக்கும் உயர்ந்த வளைவுகளுக்கும் நடுவே நின்று, அவை எப்படித் தாங்குகின்றன, எங்கே விரிசல் விட்டிருக்கின்றன என்று அளந்து பார்க்கும்படி நேர்ந்தது. புத்தகத்தில் படிக்க முடியாத பாடம் அது. சேப்பாக்கம் அரண்மனையைச் சர்க்கார் அலுவலகத்துக்கு ஏற்றபடி விஸ்தரிக்கும் வேலையும் அவருக்கே கிடைத்தது. இரண்டு மகால்களையும் இணைக்கும் இடத்தில் அவர் ஒரு கோபுரத்தை எழுப்பினார். பழையதற்கும் புதியதற்கும் பேதம் தெரியாதபடி அது ஒட்டிக்கொண்டது.

விதியின் விளையாட்டு இன்னொன்றும் உண்டு. நவாபின் சந்ததியாருக்கு ஆற்காட்டு இளவரசர் என்ற புதுப் பட்டம் கொடுத்தபின், அவர்கள் வசிக்க ராயப்பேட்டையில் அமீர் மகாலை ஒதுக்கினார்கள். அது முன்னர் கம்பெனியாரின் அலுவலகமாக இருந்த கட்டடம். அதை அரண்மனையாக மாற்றிய பணியும் சிஷோமுடையதே. இளவரசர் குடும்பம் 1876-இல் அங்கே குடியேறியது. அரண்மனையை ஆபீசாக்கியவரும் ஆபீசை அரண்மனையாக்கியவரும் ஒருவரே!

சிஷோமின் மனம் மாறியது ஒரே நாளில் அல்ல. மதுரையும் சேப்பாக்கமும் சேர்ந்து மெல்ல மெல்ல அவரை மாற்றின. செனட் ஹவுஸுக்கான இடம் சேப்பாக்கம் அரண்மனைக்கு அருகிலேயே அமைந்தது. முன்பு பரிசு பெற்ற திட்டத்தையே வைத்துக் கட்டியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கப் போவதில்லை. ஆனால் அவர் அதை ஒதுக்கிவிட்டு, பக்கத்து அரண்மனையோடு பொருந்தும்படி புதிதாக வரைந்தார். பரிசு பெற்ற சொந்தப் படைப்பையே ஒதுக்குவதற்கு மனத்துணிவு வேண்டும்.

மண்டபத்தின் அமைப்பு

1874-இல் ஆரம்பித்த செனட் ஹவுஸ் வேலை 1879-இல் நிறைவெய்தியது. செங்கல்லும் கருங்கல்லும் கலந்த நீண்ட கட்டடம் அது. நான்கு மூலைகளிலும் நான்கு கோபுரங்கள். அவற்றின் உச்சியில் குமிழ் போன்ற குவிமாடங்கள். சற்றுத் தூரத்தில் நின்று பார்த்தால், சேப்பாக்கம் அரண்மனையும் செனட் ஹவுஸும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது சட்டென்று புலனாகும்.

நெருங்கிப் பார்க்கும்போது வேறு சாயல்களும் தெரியும். பழைய கான்ஸ்டாண்டிநோபிளை ஆண்ட பைசாந்தியச் சக்கரவர்த்திகளின் காலத்துக் கட்டட முறை சிஷோமுக்கு மிகவும் பிடித்தமானது. அந்த முறையும் முஸ்லிம் கட்டட முறையும் செனட் ஹவுஸில் கைகோத்து நிற்கின்றன. இந்தக் கலப்பு முறைக்கே பிற்காலத்தில் இந்தோ-சரசெனிக் என்ற பெயர் நிலைத்தது. சென்னை ஹைகோர்ட்டும் எழும்பூர் ரயில் நிலையமும் அந்த வழியில் பின்னால் எழுந்தவை.

உள்ளே தூண்களே குறுக்கிடாத ஒரே பெரிய கூடம். நூற்றுக்கணக்கான மாணவர்கள் ஒரே சமயத்தில் உட்கார்ந்து பரீட்சை எழுதலாம். கூடத்தின் பக்கங்களில் தூண் வரிசைகளோடு கூடிய அகன்ற தாழ்வாரங்கள் ஓடுகின்றன. இவை அழகுக்காக மட்டும் வைத்தவை அல்ல. வெயில் தாழ்வாரத்தோடு நின்றுவிடும். கூடத்தின் சுவரைத் தொடாது. உள்ளிருக்கும் வெப்பக் காற்று மேலெழுந்து உயர்ந்த கூரையை அடையும். கீழே மனிதர் இருக்கும் இடம் குளிர்ந்திருக்கும். மின்விசிறி இல்லாத காலத்தில் சென்னைக் கோடையைச் சமாளிக்க இதைவிட நல்ல வழி இல்லை. மேலே உள்ள சன்னல்களில் வண்ணக் கண்ணாடிகள் பதித்திருப்பதால், கண்ணைக் கூசச் செய்யும் கடற்கரை வெளிச்சம் நிறம் மாறி இதமாக இறங்குகிறது.

கொத்தர்களின் கைவரிசை

காகிதத்தில் வரைந்தவர் சிஷோம். அதைக் கல்லாகவும் சுண்ணாம்பாகவும் ஆக்கியவர்கள் இந்த நாட்டுக் கொத்தர்களும் கல்தச்சர்களும். சிஷோம் இதை நன்கு உணர்ந்திருந்தார். சென்னைக் கலைத்தொழிற் பள்ளிக்குத் தலைவராக இருந்து, இந்நாட்டுக் கைவினைஞர்களின் வேலைத்திறனை நேரில் அறிந்தவர் அவர். உள்ளூர்க் கைவினைஞனுக்குத் தெரிந்ததைக் கட்டடக் கலைஞன் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவருடைய கொள்கை.

அந்தக் காலத்துச் சுண்ணாம்பு வேலையே ஒரு தனிக் கலை. கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி, மணல் சேர்த்துச் செக்கில் இட்டு அரைப்பார்கள். கடுக்காய் நீரும் வெல்லமும் கலப்பதும் உண்டு. மேற்பூச்சைத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினால், சலவைக்கல் போலப் பளபளக்கும். சென்னைச் சுண்ணாம்புப் பூச்சு என்று வெளிநாட்டாரும் வியந்த வேலை அது. இப்படிப்பட்ட சுவருக்கு ஒரு குணம் உண்டு: மழைக்காலத்தில் ஏறிய ஈரத்தை வெயில் காலத்தில் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுச் செங்கல்லை அரித்துவிடும். நல்ல எண்ணத்தோடு செய்த சிமெண்டுப் பூச்சினாலேயே பழுதான பழைய கோயில்களும் வீடுகளும் தமிழ்நாட்டில் அநேகம்.

சிஷோமின் பெயர் நூல்களில் இருக்கிறது. கொத்தர்களின் பெயர் இல்லை. அவர்கள் விட்டுச் சென்ற கையெழுத்து அந்தச் சுவர்களே.

ஊர் ஊராக

சிஷோம் ஒரு முறையைக் கற்றுக்கொண்டு அதையே எல்லா ஊரிலும் திணித்தவரல்லர். திருவனந்தபுரத்தில் நேப்பியர் பிரபுவின் பெயரால் மியூசியம் கட்ட நேர்ந்தபோது, குவிமாடங்களை அங்கே கொண்டு போகவில்லை. மலையாள நாட்டின் மழைக்கு ஏற்ற சரிந்த கூரைகளையும், காற்று புகுந்து செல்லும் மர வேலைப்பாட்டையும் எடுத்துக்கொண்டார். 1880-இல் முடிந்த அந்த மியூசியம் இன்றும் உள்ளே குளுமையாக இருக்கிறது. நீலகிரியில் லவ்டேல் பள்ளியும் உதகை நூலகமும் அவர் கட்டியவை. சென்னையில் பெரிய தபால் ஆபீசும், நம்பெருமாள் செட்டியார் கட்டிமுடித்த விக்டோரியா பப்ளிக் ஹாலும் அவருடைய திட்டங்களே.

பரோடாவில் சார்லஸ் மாண்ட் என்பவர் தொடங்கிய லக்ஷ்மி விலாஸ் அரண்மனை, 1881-இல் அவர் காலமானதால் பாதியில் நின்றது. சிஷோம் அதை ஏற்று 1890-இல் முடித்துக் கொடுத்தார். அதே ஊரில் பரோடா கல்லூரிக்கு அவர் அமைத்த பெரிய குவிமாடம், பீஜப்பூர் கோல் கும்பஸை ஞாபகப்படுத்தும்.

1902-இல் அவர் லண்டனுக்குத் திரும்பினார். முதுமையில் அங்கே ஸ்லோன் சதுக்கத்துக்கு அருகே ஒரு கிறிஸ்தவ ஆலயம் கட்டினார். அதிலும் அவருக்குப் பிடித்த பைசாந்தியச் சாயலே. 1915-இல் அவர் காலமானார்.

மண்டபம் கண்ட காட்சிகள்

சிஷோம் போனாலும் செனட் ஹவுஸ் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. தென்னாடு முழுவதற்கும் சென்னை ஒன்றே சர்வகலாசாலையாக இருந்த காலம் அது. மைசூரில் தனிச் சர்வகலாசாலை ஏற்பட்டது 1916-இல்தான்.

வேலூர் வட்டாரத்துக்கும் சென்னை சர்வகலாசாலையே பட்டம் அளித்து வந்தது. வேலூர் ஊரிஸ் கல்லூரியில் சேர்ந்து பயின்று, பின்னர் சென்னைக்குச் சென்று படித்து அந்தச் சர்வகலாசாலையின் பட்டம் பெற்ற இளைஞர் ஒருவர், பிற்காலத்தில் ராஷ்டிரபதியானார். அவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். தோல் வியாபாரிகள் நிறைந்த வாணியம்பாடியில் 1919-இல் தொடங்கிய இஸ்லாமியாக் கல்லூரியும், 1942 முதல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் எம்.பி.பி.எஸ். படிப்பும் சென்னை சர்வகலாசாலையோடு இணைந்தவையே. 2002-இல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் ஏற்பட்ட பிறகே, இந்த வட்டாரத்துக் கலைக் கல்லூரிகள் தனியே பிரிந்தன.

1937-இல் ராஜாஜி பிரதம மந்திரியானபோது, சென்னைச் சட்டசபை கூடியது செனட் ஹவுஸில்தான். பரீட்சைக்காகக் கட்டிய மண்டபம் ஜனப் பிரதிநிதிகளின் வாதப் பிரதிவாதங்களையும் கேட்டது.

ஆனால் பின்னால் அதற்கு ஒரு கெட்ட காலம் வந்தது. புதிய மண்டபங்கள் எழுந்தன. பழையது பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. வண்ணக் கண்ணாடிகள் உடைந்தன, பூச்சு உதிர்ந்தது. சர்வகலாசாலையின் 150-ஆம் ஆண்டு நிறைவு நெருங்கியபோதுதான் விழிப்பு ஏற்பட்டது. பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் நிறுவனத்தின் துணையோடு மண்டபம் செப்பனிடப்பட்டுப் பழைய பொலிவைப் பெற்றது.

மற்றவற்றுக்கு அத்தனை அதிர்ஷ்டம் இல்லை. பெரிய தபால் ஆபீஸ் 2000-இல் நடந்த தீ விபத்தில் சேதமுற்றது. செனட் ஹவுஸுக்கே உருவம் கொடுத்த சேப்பாக்கம் அரண்மனையின் கலஸ் மகால் 2012-இல் தீக்கிரையாயிற்று. அணைக்கப் போன தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரைக் கொடுத்தார். பல வருஷ உழைப்புக்குப் பிறகே அந்த மகால் மீண்டும் எழுந்தது.

லண்டனில் சிஷோம் கட்டிய ஆலயத்தின் கதை வேறு. வழிபடுவோர் எண்ணிக்கை குறைந்து அது காலியானபோதும், அதை இடிக்கவில்லை, பூட்டியும் போட்டுவிடவில்லை. 2004 முதல் கடோகன் ஹால் என்ற சங்கீத மண்டபமாக அது நடந்து வருகிறது. ஆள் நடமாட்டம் உள்ள கட்டடத்தில்தான் ஒழுகும் கூரை உடனே கண்ணில் படும்; பழுது பார்க்கவும் ஆள் வரும். பூட்டிய கட்டடத்தில் கரையானும் அரசங்கன்றும்தான் குடியிருக்கும்.

ஆற்காட்டில் எஞ்சியது

இத்தனை கட்டடங்களுக்கும் மூதாதையான ஆற்காட்டில், நவாபுகளின் கோட்டை இன்று இல்லை. பாலாற்றங்கரையில் டெல்லி கேட் என்னும் வாயில் மட்டும் அதன் ஞாபகமாக நிற்கிறது. ஆம்பூரிலிருந்தும் வேலூரிலிருந்தும் சென்னை போகிறவர்கள், ஆற்காட்டில் இறங்கினால் அந்த வாயிலைப் பார்க்கலாம். சென்னையில் இறங்கினால் சேப்பாக்கம் அரண்மனையையும் அதன் அருகே செனட் ஹவுஸையும் பார்க்கலாம். மூன்றும் ஒரே கதையின் மூன்று அத்தியாயங்கள்.

பழைய கட்டடம் ஒன்றை இடித்துத் தள்ளத் தீர்மானிக்கும் முன், அதனிடம் கற்றுக்கொள்ள ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று ஒரு முறை பார்ப்பது நல்லது. அப்படிப் பார்த்ததால்தான், அந்நிய நாட்டிலிருந்து வந்த சிஷோம் இந்த மண்ணுக்குச் சொந்தமான ஒரு மண்டபத்தைக் கட்ட முடிந்தது.